ஆச்சரியக்குறியும் அட் குறியும் மோதிய காலம்

1989-இல் அமெரிக்காவின் ஓரைலி நிறுவனம் வெளியிட்ட ஒரு கையேட்டின் தலைப்பு எழுத்தில் தொடங்கவில்லை, குறிகளில் தொடங்கியது: !%@::. டோனலின் ஃப்ரே, ரிக் ஆடம்ஸ் இருவரும் எழுதிய அந்த நூல் மின்னஞ்சல் முகவரிகளுக்கான வழிகாட்டி. ஒரு கணினி வலையில் இருப்பவர் இன்னொரு வலையில் இருப்பவருக்கு எழுத வேண்டுமானால் முகவரியை எப்படிக் கோக்க வேண்டும் என்பதை வலை வலையாகச் சொல்லித் தந்தது. ஆச்சரியக்குறி யூனிக்ஸ் கணினிகளின் தொலைபேசி வலையான யுயுசிபிக்கு உரியது. அட் குறி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் வழிவந்தது. இரட்டை முக்காற்புள்ளி டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட்டுக்கு. சதவீதக் குறி எந்த வலைக்கும் சொந்தமில்லை. ஒரு வலையின் முகவரியை இன்னொரு வலையின் முகவரிக்குள் ஒளித்துவைக்க அது பயன்பட்டது. மின்னஞ்சல் பிறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தும் ஒரு மடலை அனுப்பப் புத்தகம் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைக் குறிகளின் சண்டையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் குறிகள் வெளித்தோற்றம் மட்டுமே. மடலின் தலைமாட்டில் வரும் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்ற வரிகள், அதாவது ஹெடர், மனிதர் படிக்கும் மடலின் பகுதியா, கணினி படிக்கும் உறையின் பகுதியா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வலையும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தது. வலைகளை இணைத்த கேட்வே கணினிகளில் அந்தப் பதில்கள் முட்டிக்கொண்டன.

1971-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் பிபிஎன் நிறுவனத்தின் ரே டாம்லின்சன், ஒரே கணினிக்குள் செய்தி விட்டுச்செல்லும் நிரலையும் கணினிகளுக்கிடையே கோப்பை நகர்த்தும் நிரலையும் சேர்த்து, முதன்முறையாக வலை வழியே மடல் அனுப்பினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்தது @. அவருடைய டெனெக்ஸ் இயங்குதளத்தில் அந்தக் குறியால் இடைஞ்சல் ஏதும் இல்லை. எம்ஐடியில் ஓடிய மல்டிக்ஸ் இயங்குதளத்திலோ @ தட்டினால் அதுவரை தட்டிய வரி முழுவதும் அழிந்துவிடும். முகவரியைத் தட்டுவதே முகவரியை அழிப்பதாக ஆனது. அதனால் குறிக்குப் பதிலாக, இருபுறமும் இடம் விட்டு ‘அட்’ என்ற சொல்லை எழுதும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. முதல் பொருத்தமின்மை, பிறகு வந்த வலைகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரே வலைக்குள் இரண்டு விசைப்பலகைகளுக்கு நடுவே முளைத்தது.

ஹெடரை ஒழுங்குபடுத்தும் முதல் முயற்சி, வலை நெறிமுறைகளை வகுக்கும் எண்ணிட்ட குறிப்புகளின் வரிசையில் 1973 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 561. அதை எழுதிய நால்வரில் டாம்லின்சனும் ஒருவர். இன்னொருவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். மடல்கள் அப்போது தனி நெறிமுறையில் அல்ல, பூஷண் வடிவமைத்த கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் ஓரத்தில் பயணித்தன. அந்தக் குறிப்பு கேட்டது மிகக் குறைவு: அனுப்புநர், தேதி, பொருள் ஆகியவை வரிக்கு ஒன்றாக, பெயரும் முக்காற்புள்ளியும் போட்டு மேலே நிற்கட்டும்; ஒரு வெற்று வரிக்குப் பின் மடல் தொடங்கட்டும். அலுவலகக் குறிப்பாணையின் வடிவம்தான் அது. ஐம்பது ஆண்டு தாண்டியும் உலகின் எல்லா மின்னஞ்சல்களும் இந்த வடிவில்தான் வருகின்றன. அதை எழுதியவர்களின் தெளிவுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் குறிப்பாணையைப் படிப்பது மனிதக் கண் என்றிருந்தவரை மட்டுமே அந்த எளிமை போதுமானது. 1975-இல் ஜான் விட்டல் எழுதிய எம்எஸ்ஜி என்ற நிரலில் ‘பதில்’ கட்டளை இருந்தது. வந்த மடலின் அனுப்புநர் வரியைக் கணினியே படித்து, பதிலுக்கான முகவரியை நிரப்பிக்கொடுத்தது. பயனர்கள் அதை உடனே விரும்பினார்கள். அன்றிலிருந்து அனுப்புநர் வரி வெறும் தகவல் அல்ல, கட்டளை. தாறுமாறாக எழுதப்பட்ட வரியை மனிதர் ஊகித்துப் புரிந்துகொள்வார். நிரலால் அது முடியாது.

எனவே சச்சரவு மூண்டது. 1975-இல் தொடங்கிய எம்எஸ்ஜி-குரூப் என்ற விவாதக் குழுவில் ஹெடரில் என்னென்ன இருக்கலாம், எது கட்டாயம், எது அலங்காரம் என்று ஆண்டுக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். அதே ஆண்டில் வந்த ஆர்எஃப்சி 680 டெனெக்ஸ் கணினிகளின் பழக்கத்தை ஒட்டியிருந்தது. மற்ற இயங்குதளக்காரர்களுக்கு அது ஒட்டவில்லை. 1977 நவம்பரில் டேவ் கிராக்கர், விட்டல், கென் போக்ரன், ஆஸ்டின் ஹெண்டர்சன் நால்வரும் வெளியிட்ட ஆர்எஃப்சி 733 இரு தரப்பையும் அணைத்துச் செல்ல முயன்றது: @ குறியும் செல்லும், ‘அட்’ என்ற சொல்லும் செல்லும். சமரசம் நல்லதுதான். ஆனால் ஏற்கத்தக்க வடிவங்கள் கூடக்கூட, அவற்றைப் படிக்க வேண்டிய ஒவ்வொரு நிரலும் கனத்தது; பாதியை மட்டும் படிக்கத் தெரிந்த நிரல்கள் பெருகின.

1982 ஆகஸ்டில் இரண்டு ஆவணங்கள் சேர்ந்து வந்தன. ஜான் போஸ்டலின் ஆர்எஃப்சி 821 எஸ்எம்டிபி என்ற தனி அஞ்சல் நெறிமுறையை வகுத்தது. டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்த டேவ் கிராக்கரின் ஆர்எஃப்சி 822 ஹெடரின் இலக்கணத்தைத் திருத்தி எழுதியது. ‘அட்’ என்ற சொல் விடைபெற்றது. அதைவிடப் பெரிய காரியம், உறையும் மடலும் பிரிந்தன. எங்கே கொண்டுசேர்க்க வேண்டும் என்பதைக் கணினிகள் எஸ்எம்டிபி உரையாடலில் தமக்குள் சொல்லிக்கொள்ளும். மடலின் உள்ளே இருக்கும் பெறுநர் வரியைத் தபால்காரர் படிக்கத் தேவையில்லை. முகவரிச் சிக்கலின் மையத்தை அந்த இரண்டு ஆவணங்கள் சரியாகத் தொட்டுவிட்டன.

ஆனால் ஆர்எஃப்சி 822-ம் பிழையற்றதல்ல. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதச் சொன்னது. நேர மண்டலங்களைக் குறிக்கும் ராணுவ ஒற்றை எழுத்துகளின் கூட்டல் கழித்தலைத் தலைகீழாகப் போட்டுவிட்டது. இரண்டையும் 1989-இல் ஆர்எஃப்சி 1123 திருத்தியது. அதுவரை எழுதப்பட்ட நிரல்கள் போனது போனதுதான்.

இத்தனைக்கும் இது ஒரு வலையின் கதை. ஆர்ப்பாநெட்டில் சேர அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொடர்பு வேண்டும். அது கிடைக்காத பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தாமாக வலை பின்னிக்கொண்டன. அவற்றில் மிகப் பரந்தது யுயுசிபி. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய இந்த நிரல் தொகுப்பு 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளியே பரவியது. ஒரு மோடமும் தொலைபேசி இணைப்பும் இருந்தால் போதும். இரவில் ஒரு கணினி அடுத்ததை அழைத்து, சேர்ந்திருந்த மடல்களைத் தள்ளிவிட்டு வைத்துவிடும். அதற்குத் தலைமையகம் இல்லை, முகவரிப் பதிவேடு இல்லை. ஆகவே முகவரி என்பது இடம் அல்ல, வழி.

இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மிகக் கடினமான முடிச்சு இங்கேதான் விழுந்தது. விளக்கத்துக்காகக் கணினிகளுக்கு முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். முல்லையில் இருக்கும் வள்ளி, நெய்தலில் இருக்கும் கண்ணனுக்கு எழுதுகிறார். வழியில் மருதம் இருக்கிறது. முகவரி: மருதம்!நெய்தல்!கண்ணன். ஒவ்வொரு கணினியும் தன் பெயரைக் கிள்ளிவிட்டு மீதியை அடுத்ததிடம் தரும். நகல் ஒன்று பாலையில் இருக்கும் செழியனுக்கும் போகிறது. பாலை முல்லைக்குப் பக்கத்துக் கணினி, எனவே அந்த முகவரி பாலை!செழியன் மட்டுமே. இப்போது கண்ணன் மடலைப் பெற்று எல்லோருக்கும் பதில் அனுப்பக் கட்டளை தருகிறார். நகல் வரியில் பாலை!செழியன் என்றிருக்கிறது. நெய்தலுக்குப் பாலையைத் தெரியாது. பதில் அங்கேயே இறந்துபோகும். கண்ணனுக்கு அந்த வரி மருதம்!முல்லை!பாலை!செழியன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதாவது, முகவரி பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறது. அதைச் சரியாக வைத்திருக்க வேண்டுமானால், மடல் கடக்கும் ஒவ்வொரு கணினியும் ஹெடரில் உள்ள எல்லா முகவரிகளின் முன்னாலும், மடலைத் தந்த கணினியின் பெயரை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். சில கணினிகள் ஒட்டின. சில அனுப்புநர் வரிக்கு மட்டும் ஒட்டின. சில எதையும் தொடவில்லை. இன்னும் சில, ஆர்ப்பாநெட்டிலிருந்து வந்த @ முகவரிகளின் முன்னாலும் ஒட்டிவிட்டன. கடைசி வகைதான் அதிக நாசம் செய்தது. மருதம்!கண்ணன்@நெய்தல் என்றொரு முகவரி உருவானால் அதன் பொருள் என்ன? ஆர்எஃப்சி 822 படி முதலில் நெய்தலுக்குப் போய், அங்கிருந்து மருதத்துக்குப் போக வேண்டும். யுயுசிபி வழக்கப்படி முதலில் மருதம், பிறகு நெய்தல். இரண்டு வாசிப்பும் அந்தந்த வலைக்குள் சரியானவை. மடல் எந்த வாசிப்பில் போகும் என்பது அதைக் கையில் வைத்திருக்கும் கணினியின் வளர்ப்பைப் பொறுத்தது. ஒரே மடலை வழியில் இரண்டு கணினிகள் இரண்டு விதமாகப் படித்தால் அது போகவும் திரும்பவுமாக அலையும். தொலைபேசி அழைப்பு இரவுக்கு ஒன்று என்னும் வலையில் தவறு நடந்தது தெரியவே நாட்கள் ஆகும். 1986 பிப்ரவரியில் மார்க் ஹார்ட்டன் எழுதிய ஆர்எஃப்சி 976 இந்தக் கலப்பு முகவரியை எடுத்துக்கொண்டு இரண்டு வாசிப்புகளையும் விளக்கிவிட்டு, இப்படி எழுதுவதையே எப்போதும் தவிர்க்கும்படி பரிந்துரைத்தது. நேர்மையான தீர்ப்பு.

யூனிக்ஸ் உலகம் விட்டுச்சென்ற தழும்பு ஒன்று இன்னும் ஆறவில்லை. யூனிக்ஸ் அஞ்சல் பெட்டியில் ஒவ்வொரு மடலும் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும், முக்காற்புள்ளி கிடையாது. மடலுக்குள்ளேயே யாராவது ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கினால், அதைப் புதிய மடல் என்று நிரல் நம்பிவிடும். அதைத் தடுக்க வரியின் முன்னால் > குறி ஒன்றைச் செருகினார்கள். இரண்டு தலைமுறை தாண்டியும் சில மடல்களில் அந்தக் குறி தலைகாட்டுகிறது. டிஜிட்டல் கையொப்பமிட்ட மடலில் அது நுழைந்தால் ஓர் எழுத்து கூடிப்போய்க் கையொப்பம் செல்லாததாகிறது. ஆகவே பிற்காலத் தர ஆவணங்கள் அந்தச் சொல்லைச் சங்கேதமாக்கி அனுப்பும்படி தனியாக அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது.

பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மூன்று வலைகள் ஒரே வளாகத்தில் குறுக்கிட்டன: ஆர்ப்பாநெட், யுயுசிபி, கணினிப் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி போடும் உள்ளூர் பெர்க்நெட். அங்கே மாணவராக இருந்த எரிக் ஆல்மன் 1979-இல் டெலிவர்மெயில் என்ற நிரலை எழுதினார். குறியைப் பார்த்து வலையை ஊகித்து மடலைத் தள்ளும் வேலை அதற்கு. ஊகங்களை நிரலுக்குள்ளேயே பொதிந்துவைத்ததால் புதிய வலை ஒன்று வந்தால் நிரலையே மாற்ற வேண்டும். அதன் வாரிசாக 1983-இல் வந்த சென்ட்மெயில், ஊகங்களை வெளியே எடுத்துத் தனிக் கோப்பில் விதிகளாக வைத்தது. எந்த வடிவ முகவரியையும் எந்த வடிவத்துக்கும் மாற்றி எழுதலாம். சென்ட்மெயில் இல்லாமல் அந்தப் பத்தாண்டில் வலைகள் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதே சமயம், உறையை மாற்றுவதோடு நில்லாமல் உள்ளிருக்கும் மடலின் ஹெடரையும் மாற்றி எழுதும் பழக்கத்தை உலகம் முழுவதும் நிலைநாட்டியதும் அதுதான். இரண்டையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1984-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கல்வி வலையான ஜேனெட், ‘சாம்பல் நூல்’ என்று அட்டை நிறத்தால் அழைக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறையைப் பின்பற்றியது. ஹெடரின் வடிவம் பெரும்பாலும் 822-ஐ ஒத்தது. ஆனால் பெயரின் வரிசை தலைகீழ். இணையத்தில் துறை, பல்கலைக்கழகம், கல்வி, நாடு என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால், ஜேனெட்டில் நாடு முதலில் நின்றது. அஞ்சல் பிரிப்பவருக்கு நாடு முதலில் தெரிவதே வசதி என்ற வாதத்தில் குறை காண முடியாது. கேட்வேக்கள் முனையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டன: பிரிட்டனின் குறியீடு முன்னால் இருந்தால் ஜேனெட் வரிசை, பின்னால் இருந்தால் இணைய வரிசை.

கணினி அறிவியல் துறைகள் எங்கும் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சிஎஸ்’. ஜேனெட் வரிசையில் அது முகவரியின் கடைசியில் நிற்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் நாட்டுக் குறியீடும் ‘சிஎஸ்’. அந்த நாடு வலையில் இல்லாதவரை யாருக்கும் சிரமமில்லை. கிழக்கு ஐரோப்பாவின் ஆட்சிகள் சரிந்து 1990களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியா வலைக்குள் வந்தபோது, பிரிட்டிஷ் கணினித் துறைகளுக்கான மடல்களை அந்த நாட்டுக்கு உரியவையாகப் படிக்க வழி பிறந்தது. ஓர் அரசியல் மாற்றம் ஹெடரின் இலக்கணத்தைக் கலைத்துவிட்டது. வடிவமைத்த எவரும் அதை முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. ஜேனெட் இணைய நெறிமுறைக்கு மாறி, கடைசியில் வரிசையையும் மாற்றிக்கொண்டது.

பிட்நெட் இன்னும் தள்ளி நின்றது. 1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் தொடங்கிய இந்த வலை ஐபிஎம் பெருங்கணினிகளின் மேல் ஓடியது. கணினிப் பெயருக்கு எட்டு எழுத்து, பயனர் பெயருக்கு எட்டு எழுத்து. மடல்கள் 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளின் பிம்பமாகப் பயணித்தன. நீளமான வரி ஒடியும், வரியின் இறுதியில் உள்ள வெற்றிடங்கள் உதிரும். எழுத்துகளுக்கான குறியீடோ மற்ற வலைகளின் ஆஸ்கி அல்ல, ஐபிஎம்மின் எப்சிடிக். இரண்டுக்கும் இடையே மொழிமாற்றும் அட்டவணைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. சதுர அடைப்புக்குறி, சுருள் அடைப்புக்குறி, அலைக்குறி, ஏன், ஆச்சரியக்குறிகூட மறுபுறம் வேறொன்றாக வந்து சேரும். வழியையே ஆச்சரியக்குறியால் எழுதும் வலை ஒன்று மறுபக்கம் இருந்தபோது இது சிறிய விஷயம் அல்ல.

பிட்நெட்டில் தொடக்கத்தில் உறை என்றே ஒன்று இல்லை என்பதே ஆழமான குறை. கோப்பு வந்து விழும். யாருக்கு என்று தெரிய கேட்வே மடலைப் பிரித்துப் பெறுநர் வரியைப் படிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு எழுதிய மடலின் பெறுநர் வரியில் இருப்பது குழுவின் பெயர். குழுவிலிருந்து உறுப்பினருக்குப் போகும் நகலை இப்படியொரு கேட்வே பிரித்துப் படித்தால், அதைக் குழுவுக்கே திருப்பி அனுப்பும். குழு மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். முடிவில்லாச் சுழல். எஸ்எம்டிபி உரையாடலையே ஒரு கோப்புக்குள் எழுதி மடலோடு சேர்த்து அனுப்பும் முறை பிறகு வந்தபோதுதான் பிட்நெட்டுக்கு உறை கிடைத்தது.

வணிக வலைகளும் பொழுதுபோக்கு வலைகளும் தத்தம் வழியில் சிரமப்பட்டன. கம்ப்யூசெர்வ் பயனரின் அடையாளம் நடுவில் காற்புள்ளி கொண்ட எண். இணைய ஹெடரில் காற்புள்ளி என்றால் அடுத்த பெறுநர் என்று பொருள். ஒரு மனிதர் இருவராகிவிடுவார். எனவே வெளியிலிருந்து எழுதுபவர் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்க வேண்டும் என்று வழக்கம் ஏற்பட்டது. 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில் ஹெடர் வரிகளாக இல்லை. அளவு வரையறுத்த பெட்டிகளாக இருந்தது. பெயருக்கு 36 பைட், பொருளுக்கு 72. நீண்ட இணைய முகவரி பெயர்ப்பெட்டியில் அடங்காது. பெறுநர் பெயராகக் கேட்வேயின் பெயரை எழுதி, உண்மையான முகவரியை மடலின் முதல் வரியில் வைத்தார்கள்.

1984-இல் பன்னாட்டுத் தொலைபேசி அமைப்புகளின் மன்றம் அறிவித்த எக்ஸ்.400 என்ற அஞ்சல் தரம் இந்த எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிப்பதாக வந்தது. நாடு, நிர்வாகம், நிறுவனம், குடும்பப்பெயர் என்று முகவரியே ஒரு விண்ணப்பப் படிவம் போல நீண்டது. அதற்கும் 822-க்கும் இடையே மொழிபெயர்க்க லண்டனின் ஸ்டீவ் கில் 1986-இல் எழுதிய ஆர்எஃப்சி 987, பலமுறை திருத்தப்பட்டு 1998 வரை உயிரோடிருந்தது. ஒரு தரம் மற்றொன்றாக மாறும்போது எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று இத்தனை நுணுக்கமாக யோசித்த ஆவணங்கள் குறைவு.

முடிச்சை உண்மையில் அவிழ்த்தது வேறு. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த டொமைன் பெயர் முறையும், 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974-ம்தான். ஒரு பெயருக்கு வரும் மடலை வேறெந்தக் கணினியிடம் கொடுக்க வேண்டும் என்று பொதுப் பதிவில் எழுதிவைக்கலாம் என்றது அந்த ஆவணம். யுயுசிபி கணினியும் பிட்நெட் கணினியும் இணையத்தில் இல்லாமலே இணையப் பெயர் வைத்துக்கொள்ள முடிந்தது. எழுதுபவருக்கு வழி தெரிய வேண்டியதில்லை. யார் எங்கிருந்து பார்த்தாலும் முகவரி ஒன்றே. இந்தியாவின் கல்வி வலையான எர்நெட் பிறந்தது இந்த மாற்றக் காலத்தில்தான். மும்பையில் ஸ்ரீனிவாசன் ரமணியின் தலைமையில் இருந்த என்சிஎஸ்டி நிறுவனமும் சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிலையங்களும் தொடக்கத்தில் தொலைபேசி வழி யுயுசிபியில் மடல் மாற்றிக்கொண்டன. இந்தியாவுக்கான ‘.இன்’ பதிவானது 1989-இல்.

கேட்வேக்களில் நேர்ந்த எழுத்துகளின் இழப்புக்கு 1992 ஜூனில் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வெளியிட்ட மைம் என்ற தரம் விடை தந்தது. எந்தக் கோப்பையும் எழுத்துகளாக மாற்றித் தரும், அதிலுள்ள பேஸ்64 முறையின் 64 எழுத்துகள் பொறுக்கி எடுக்கப்பட்டவை: ஆஸ்கியிலும் எப்சிடிக்கின் எல்லா வகைகளிலும் மாறாமல் மீளும் எழுத்துகள் மட்டும். பிட்நெட் கேட்வேக்கள் செய்த சேதத்தின் அச்சு இன்றைய பெரும்பாலான இணைப்புக் கோப்புகளிலும் இருக்கிறது. ஹெடருக்குள் பிற மொழிகளைச் சங்கேதச் சொற்களாக எழுதும் வழியை அதே மாதம் கீத் மூர் வகுத்தார். பழைய கணினிகள் நீண்ட வரியை ஒடித்துவிடும் என்பதால் சங்கேதச் சொல் ஒவ்வொன்றும் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய தமிழ்ப் பொருள் வரி இந்த அளவுக்குள்தான் பயணிக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோடுக் குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். பேஸ்64-இல் அது நான்கு எழுத்து. தொடக்கமும் முடிவும் போக ஒரு சங்கேதச் சொல்லில் 15 குறிகள் அடங்கும். ஒரு குறியின் நடுவே வெட்டக் கூடாது என்பது விதி. விதியை மதிக்காத நிரல் அனுப்பினால் தலைப்பின் நடுவே ஓர் எழுத்து சிதைந்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும்.

முகவரியே தமிழில் இருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மேல்நிலைப் பெயர்கள் 2010, 2011 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தன. அட் குறியின் இடப்பக்கமும் பிற எழுத்துகளில் அமைய, முதலில் ஒரு சோதனை முறை வகுத்தார்கள். வழியில் உள்ள சர்வருக்குப் புதிய எழுத்து புரியாவிட்டால், அந்த இடத்திலேயே ஹெடரைப் பழைய வடிவுக்கு மாற்றி எழுதி மேலே அனுப்பலாம் என்றது அது. பழைய கேட்வேக்கள் செய்த அதே வேலை. சோதித்துப் பார்த்தபின் 2012-இல் ஆர்எஃப்சி 6530 அந்த ஏற்பாட்டை நீக்கியது. இந்த முறையில் நடுவழியில் யாரும் ஹெடரைப் பழைய வடிவுக்கு மாற்றி எழுதுவதில்லை. அடுத்த சர்வருக்குப் புரியாத முகவரி என்றால், மடல் காரணத்தோடு அனுப்பியவரிடமே திரும்பிவிடுகிறது.